ஒன்பது பல்பு மாற்றியும் 120 ரூபாய்தான் குறைந்தது: கணக்கு எங்கே பிசகியது?

தார்சாக்காரர் | கல்லிடைக்குறிச்சி | 2023 ஜூன் 6, இரவு 8.40

பங்குனிக் கடைசியில் வீட்டு விளக்குகள் அத்தனையையும் எல்.இ.டி.க்கு மாற்றினேன். பட்டாசாலை, தார்சா, அடுக்களை, மச்சு, புறவாசல் என்று ஓர் இடத்தையும் விடவில்லை. மொத்தம் ஒன்பது விளக்குகள், செலவு 2,350 ரூபாய். "பாதிக்குப் பாதி குறையும் மாமா" என்று மருமகன் அடித்துச் சொன்னான். மாற்றுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் 536 யூனிட், 2,238 ரூபாய். மாற்றியபின் நேற்று எடுத்த ரீடிங் 521 யூனிட், 2,118 ரூபாய்.

2,350 ரூபாயைப் போட்டு 120 ரூபாய் மிச்சம் பிடித்த மகாராசன் நான். மீட்டர் பழுதா, பல்பு ஏமாற்றா, மருமகன் ஏமாற்றா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மூணு கட்டை | பேட்டை | ஜூன் 6, இரவு 9.15

அண்ணாச்சி, இருபத்திரண்டு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியை மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். எதை மாட்டினீர்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எதைக் கழற்றினீர்கள்? கழற்றியதில்தான் இலாபம் இருக்கிறது. எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதையும் எழுதுங்கள்.

---

பணகுடிக் காற்று | பணகுடி | ஜூன் 6, இரவு 9.50

எனக்கு இந்த முழு விவகாரமே வேடிக்கையாக இருக்கிறது. வாசலுக்கு வந்து நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலை. தெற்கே கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு உலைகள். வடமேற்கே பாபநாசத்தில் 1944ஆம் ஆண்டிலிருந்து தண்ணீர் மின்சாரம். தூத்துக்குடியில் அனல் மின் நிலையம். ஊரைச் சுற்றி மின்சாரம் தயாரித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, நாம் ஒன்பது வாட் பல்பின் கீழ் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமா?

---

தார்சாக்காரர் | ஜூன் 7, காலை 6.30

பேட்டைத் தம்பிக்கு: கழற்றியவை நான்கு பழைய டியூப் லைட், எல்லாம் செம்புச் சோக் வைத்தவை. பட்டாசாலையிலும் அடுக்களையிலும் நாளுக்கு ஐந்து மணி நேரம், தார்சாவில் நான்கு மணி நேரம். மச்சில் இருந்தது எரிவதே இல்லை, பேரன் வந்தால்தான். அடுத்து 14 வாட் சி.எஃப்.எல். (குட்டிக் குழல் விளக்கு) மூன்று: குளியலறை, சாமான் அறை, புறவாசல். முதல் இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம். புறவாசல் மட்டும் விடிய விடிய, பதினொரு மணி நேரம். அப்புறம் படுக்கையறைகளில் இரண்டு ஜீரோ வாட் பல்பு. அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பெயரே ஜீரோதானே.

பணகுடித் தம்பிக்கு: காற்றாலை உங்கள் வாசலில் நிற்கிறது, சரி. ரீடிங் எடுப்பவர் என் வாசலில் அல்லவா நிற்கிறார்!

---

கடனாநதி | ஆழ்வார்குறிச்சி | ஜூன் 7, மாலை 5.20

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் இந்தக் கணக்கை விட மனம் வரவில்லை.

முதலில் ஜீரோ வாட். அண்ணாச்சி, அது தமிழ்நாட்டின் மிகப் பெரிய செல்லப் பொய். பழைய மீட்டர்கள் அவ்வளவு சிறிய ஓட்டத்தைப் பதிவு செய்யாமல் விட்டதால் வந்த பெயர் அது. உண்மையில் அந்தக் குட்டி பல்பு 12 முதல் 15 வாட் இழுக்கும். உங்கள் வீட்டில் 15 வாட்டில் இரண்டு பல்பு, இரவில் ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அரை வாட் எல்.இ.டி. மாட்டியதில் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் மிச்சம். நீங்கள் தள்ளிவிடச் சொன்ன இடத்தில்தான் இவ்வளவும் இருக்கிறது.

டியூப் லைட்டின் மேல் 40 வாட் என்று போட்டிருக்கும். சோக் தன் பங்குக்கு இன்னும் 12 வாட் போலச் சூடாகவே தின்றுவிடும். ஆக 52. நீங்கள் போட்டது 20 வாட் பட்டை விளக்கு என்றால் விளக்குக்கு 32 வாட் மிச்சம். நாளுக்குப் பதினான்கு விளக்கு-மணி, அறுபது நாள்: சுமார் 27 யூனிட். மச்சு விளக்கை மாற்றியதில் கிடைத்தது சுழியம். அதற்குக் கொடுத்த பணம் பேரனுக்கான செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சி.எஃப்.எல்.லை மாற்றியதில் பெரிய வரவு இல்லை. அது ஏற்கெனவே சிக்கனமான விளக்குதான். 14இலிருந்து 9க்கு இறங்கினால் ஐந்து வாட். குளியலறையும் சாமான் அறையும் சேர்ந்து ஒரு யூனிட்கூட வராது. ஆனால், உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. கழற்றியதை உடைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இதுவரை 43 யூனிட் வந்துவிட்டது. உங்களுக்குக் குறைந்ததோ 15. புறவாசலில் என்ன மாட்டினீர்கள் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

---

தார்சாக்காரர் | ஜூன் 7, இரவு 7.05

30 வாட் ஃப்ளட் லைட். கடைக்காரர் "எல்.இ.டி.தானே, எரிந்தால் எரியட்டும்" என்றார். தென்னை மரத்தின் உச்சி வரை பகல் போல இருக்கிறது.

---

மூணு கட்டை | ஜூன் 7, இரவு 7.20

திருடன் அகப்பட்டுவிட்டான்.

---

கடனாநதி | ஜூன் 7, இரவு 8.00

14 வாட் எரிந்த இடத்தில் 30 வாட், அதுவும் பதினொரு மணி நேரம். இரண்டு மாதத்தில் 10½ யூனிட் கூடுதல். 43இல் இதைக் கழித்தால் 33. மீட்டரில் தெரிந்தது 15. மீதி 18 எங்கே? 75 வாட் மின்விசிறி ஒன்று நாளுக்கு நான்கு மணி நேரம் கூடுதலாக ஓடினால் அறுபது நாளில் சரியாக 18 யூனிட். நீங்கள் ஒப்பிட்டது மாசி, பங்குனியை. ஒப்பிட்டதற்கு எதிரே நிற்பது சித்திரை, வைகாசி. அக்கினி நட்சத்திரத்தில் ஒரே ஒரு விசிறியோடு தப்பித்தீர்கள் என்றால் உங்கள் வீட்டு ஓட்டுக் கூரையைக் கும்பிட வேண்டும்.

மீட்டரும் சரி, பல்பும் சரி. மருமகனைப் பற்றி நான் கருத்துச் சொல்ல மாட்டேன்.

---

சாந்தி நகர் வாசி | பாளையங்கோட்டை | ஜூன் 8, காலை 10.10

இழைக்குக் கொஞ்சம் வெளியே ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு ஸ்விட்சை அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக மினுக்குகிறது. அம்மா அந்த அறையில் படுக்க மாட்டேன் என்கிறார். போன வாரம் திருநீறு வாங்கி வந்து ஸ்விட்ச் போர்டில் பூசினார்.

---

மூணு கட்டை | ஜூன் 8, மதியம் 1.30

திருநீறு இருக்கட்டும், தவறில்லை. ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டியது மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயர். உங்கள் வீட்டில் யாரோ அது திரும்பிப் போகும் நியூட்ரலைக் கொண்டுபோய் ஸ்விட்சில் கொடுத்திருப்பார்கள். அணைத்தாலும் பல்பு வரை ஃபேஸ் வந்து நிற்கும். வயர்களுக்கிடையே கசியும் துளி மின்சாரம் குண்டு பல்பை ஒன்றும் செய்யாது, எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும். ஸ்விட்சில் சிவப்புக் குட்டி விளக்கு இருந்தாலும், மாடிப்படியின் இருவழி ஸ்விட்சாக இருந்தாலும் இதே மினுக்கல் வரலாம். மினுக்குவது பரவாயில்லை. அணைத்துவிட்டோம் என்று நம்பி ஹோல்டரில் கை வைத்தால் ஆபத்து. வயரிங் தெரிந்தவரை அழைத்து மாற்றச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். "25,000 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, ஆறு மாதத்தில் போய்விட்டது" என்று கொண்டுவருகிறார்கள். அந்த 25,000 உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லின் ஆயுள். அதற்குச் சோறு போடும் டிரைவர் என்று ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கெபாசிட்டர் சூட்டில் வெந்துவிடும். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு போல. மூடிய கண்ணாடிக் குடத்துக்குள் எல்.இ.டி. பல்பைப் போட்டு அடைப்பவர்கள் அதை அவியல் வைக்கிறார்கள் என்று அர்த்தம். ஐப்பசி இடியில் போவது வேறு கணக்கு. அதற்கு மின்னழுத்தப் பாய்ச்சலைத் தாங்கும் அளவைப் பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும்.

தெருவோரத்தில் நூறு ரூபாய்க்கு மூன்று என்று விற்பதை நானும் வாங்கிப் பார்த்தேன். பிரித்தால் உள்ளே டிரைவர் என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. கைபேசிக் கேமராவைத் திறந்து விளக்கைப் பாருங்கள். திரையில் கோடு கோடாக ஓடினால் அது நொடிக்கு நூறு முறை நடுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, தலைக்குத் தெரியும்.

---

முக்கூடல் மகள் | தற்போது கோயம்புத்தூர் | ஜூன் 8, இரவு 9.45

எல்லோரும் ரூபாயிலேயே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக் கதை வேறு.

அம்மா பீடி சுற்றுகிறவர். வாசல் நடையில் கால் நீட்டி, மடியில் சுளவை (முறத்தை) வைத்து, இரவு பதினொரு மணி வரை. தலைக்கு மேல், எட்டாத உயரத்தில் ஒரு டியூப் லைட். மாலையானால் எங்கள் தெருவுக்கு மின்னழுத்தம் இறங்கிவிடும்; நாங்கள் வரிசையின் கடைசி வீடு. ஸ்டார்ட்டர் துடிக்கும், இரு முனையும் சிவக்கும், எரியாது. ஸ்டார்ட்டரைத் திருகித் திருகியே என் சிறு வயது போயிற்று. 2012இல் நாளில் பாதி மின்வெட்டு. அப்போது அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இலை வெட்டினார். கத்தரி ஓட்டம் பிசகினால் இலை வீண், இலை வீண் ஆனால் கூலியில் பிடித்தம்.

எல்.இ.டி. பட்டை விளக்கு போட்ட பிறகு அழுத்தம் இறங்கினாலும் எரிகிறது. பணம்? இரண்டு மாதத்துக்கு 118 யூனிட் வந்துகொண்டிருந்தது. இப்போது நூறுக்குக் கீழே. முதல் நூறு யூனிட் எல்லோருக்கும் இலவசம், ஆகவே கட்டணம் இல்லை. முன்பு கட்டியதும் நாற்பது ரூபாய்தான். நாற்பது ரூபாய் மிச்சத்துக்காக யாரும் விளக்கு மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அம்மாவுக்குக் கண் கூசுகிறது. "நீலமாக அடிக்கிறது" என்கிறார். நல்ல இலையையும் பழுப்பு இலையையும் பிரித்தறிய முடியவில்லையாம். இது உண்மையா, பழக்கமின்மையா?

---

கடனாநதி | ஜூன் 9, காலை 7.10

உண்மைதான் அம்மா. உங்கள் தாயார் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. அடிப்படையில் நீல விளக்கு. நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசுகிறார்கள். நீலத்தில் ஒரு பகுதி மஞ்சளாக மாறி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. 1962இலேயே சிவப்பு எல்.இ.டி. வந்துவிட்டது. நன்றாக ஒளிரும் நீலத்துக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வராமல் வெள்ளை வராது, வெள்ளை வராமல் நம் வீட்டுக்குள் எல்.இ.டி. வந்திருக்காது.

பூச்சு மெலிதாக இருந்தால் நீலம் தூக்கும். பெட்டியில் 6500 கே என்றிருக்கும்; அந்த எண் கூடக் கூட நீலம், குறையக் குறைய மஞ்சள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அதுதான், ஏனென்றால் "வெள்ளை வெளேர்" என்று இருந்தால்தான் நமக்கு வெளிச்சம் என்று படுகிறது. 3000 அல்லது 4000 கே கேட்டு வாங்குங்கள். நிறம் பிரித்தறிவதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கிறது. குண்டு பல்புக்கு அது நூறு, சாதாரண எல்.இ.டி.க்கு எண்பது. தொண்ணூறு போட்ட விளக்கு கிடைத்தால் இலையின் பழுப்பு தெரியும்.

அதைவிட முக்கியம், விளக்கைக் கீழே இறக்குங்கள். தூரம் பாதியானால் ஒரு சிறிய விளக்கின் வெளிச்சம் நான்கு மடங்காகும். உத்தரத்தில் 20 வாட் எரிவதைக் காட்டிலும், தலைக்கு மேல் மூன்றடியில் மூடியிட்ட 9 வாட் பல்பு சுளவில் அதிக வெளிச்சம் தரும். வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கமாக, கையின் நிழல் விழாமல்.

---

பணகுடிக் காற்று | ஜூன் 9, காலை 11.00

முக்கூடல் அக்கா சொன்னதில்தான் என் கேள்வி இருக்கிறது. அவர் வீட்டில் கட்டணமே இல்லை. அப்படியானால் மிச்சம் யாருக்கு? வாரியத்துக்கும் அரசுக்கும். சிக்கனம் நம்முடையது, இலாபம் அவர்களுடையது.

---

கடனாநதி | ஜூன் 9, மாலை 6.15

இலவச யூனிட்டுக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள் தம்பி. அரசு மானியமாகக் கட்டுகிறது, அதுவும் நம் வரிதான். ஆனால் உங்கள் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியதன் காரணமே இதுதான். எல்.இ.டி. பல்பை மொத்தமாகக் கொள்முதல் செய்தார்கள். 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. இன்று நாம் கடையில் மலிவாக வாங்குவதில் அதற்கும் பங்குண்டு.

உங்கள் காற்றாலையும் எப்போதும் சுற்றுவதில்லையே. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை சுற்றும், தையில் தூங்கும். விளக்கு எரிவதோ வருடம் முழுவதும், அதுவும் மாலை ஆறிலிருந்து பத்து வரை. சூரிய மின்சாரம் போய்விட்ட நேரம், எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் தேவை ஏறும் நேரம். பாபநாசத்தின் நான்கு இயந்திரங்களும் முழு மூச்சாக ஓடினால் 32 மெகாவாட். ஒரு டியூப் லைட்டுக்கு 32 வாட் குறைகிறது என்று மேலே பார்த்தோம். பத்து லட்சம் டியூப் லைட்டை மாலையில் மாற்றிவிட்டால் ஒரு பாபநாசம் மிச்சம். எண் இப்படிப் பொருந்தியது தற்செயல்தான், ஆனால் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

---

சீரியல் செட் | திசையன்விளை | ஜூன் 10, இரவு 11.50

கோயில் கொடைத் திருவிழாவுக்கு லைட் போடுகிறவன் நான். இன்றுதான் ஒரு கொடை முடிந்து வந்தேன், அதனால் இந்த நேரம்.

அப்பா காலத்தில் ஊர் முகப்பிலிருந்து அம்மன் கோயில் வரை கம்பு நட்டு நூறு டியூப் லைட் கட்டுவோம். வாத்தியார் கணக்குப்படி ஐந்து கிலோவாட்டுக்கு மேல். ஜெனரேட்டர் ஒரு லாரியில் வரும், டீசல் பீப்பாயில் வரும். வில்லுப்பாட்டுக்காரர்கள் ஜெனரேட்டர் சத்தத்தைத் திட்டிக்கொண்டே பாடுவார்கள். எல்.இ.டி. வந்தபோது, இனிச் சின்ன ஜெனரேட்டர் போதும், ஊருக்கு வரிப்பணம் மிச்சம் என்று நினைத்தேன்.

நடந்தது என்ன? நூறு விளக்கு கேட்ட ஊர் இருநூறு கேட்கிறது. அம்மன் உருவம் நாற்பதடியில் வேண்டும், பக்கத்து ஊரில் முப்பத்தைந்தடி. தெரு முழுக்க மேலே தோரணம், தென்னைக்குத் தென்னை கலர் லைட். டீசல் கணக்கு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. கல்லிடை அண்ணாச்சியின் ஃப்ளட் லைட் எங்கள் தொழிலில் ஊர் ஊராக நடக்கிறது. எனக்கு வருத்தம் இல்லை, பிழைப்பு அதுதான்.

---

டவுன்காரன் | சென்னை | ஜூன் 11, காலை 9.00

இதற்குத்தான் எங்கள் கீழரத வீதியைப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் விளக்கைக் கூட்டினாலும் அங்கே ஒரு கடை இருட்டையே பெயராக வைத்து அல்வா விற்கிறது. உலகின் மிகச் சிக்கனமான விளக்குத் தொழில்நுட்பம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது.

---

நெறியாளர் | ஜூன் 11, காலை 9.30

அல்வாவுக்குத் தனி இழை இருக்கிறது. முன்பு ஒருமுறை இப்படித்தான் வயரிங் இழை நாற்பது பதிவுக்கு நெய் அளவில் போய் முடிந்தது.

---

மூணு கட்டை | ஜூன் 11, மதியம் 2.20

கல்லிடை அண்ணாச்சிக்கு ஒன்று. யாரும் இதைச் சொல்லவில்லை என்று இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

நீங்கள் 521இல் இருக்கிறீர்கள். இந்த 2023 கட்டணத்தில் 500 ஒரு குழி. 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஐந்நூறைத் தாண்டிய உடனே அந்த 2.25 மறைந்து, 101இலிருந்தே 4.50 ஆகிவிடும், 500க்கு மேற்பட்டது 8 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725. 501க்கு 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

ஆகவே நீங்கள் பாதியாக்கத் துடிக்க வேண்டாம், 21 யூனிட் குறைத்தால் போதும். ஃப்ளட் லைட்டை இறக்கிவிட்டு 9 வாட் மஞ்சள் பல்பு ஒன்றை மாட்டுங்கள். அதிலேயே 14 யூனிட் போய்விடும். மஞ்சளுக்குப் பூச்சியும் குறைவாக வரும். மழைக்காலத்தில் ஈசலைக் கூட்டி அள்ள வேண்டியிருக்காது. விளக்கில் இதற்கு மேல் பிழிய ஒன்றும் இல்லை. அடுத்தது மின்விசிறி. பழையது 75 வாட், சிக்கன மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் போல. நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றை மாற்றினால் 40 யூனிட். எல்.இ.டி. வாங்க வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன், பல்பு விலையைக் கேட்டவர்கள் விசிறி விலையைக் கேட்டதும் போய்விடுகிறார்கள்.

---

தார்சாக்காரர் | ஜூன் 11, இரவு 7.40

233 ரூபாய்க்கு ஒரு யூனிட்டா! கழற்றிவிட்டேன். தென்னை உச்சி இருட்டில் இருக்கிறது. வீட்டம்மாள் "கள்ளன் வந்தால்?" என்கிறாள். அவனுக்கும் இத்தனை நாள் நான்தானே விளக்குப் பிடித்தேன் என்றேன்.

---

முக்கூடல் மகள் | ஜூன் 25, இரவு 8.30

ஊருக்குப் போய் வந்தேன். 3000 கே பல்பு, ஒரு தகர மூடி, இழுத்து இறக்கும் வயர். வாத்தியார் சொன்ன மூன்றடியில் தொங்கவிட்டேன். முதல் நாள் அம்மா "கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி இருக்கிறது" என்று முனகினார். மறுநாள் மேலே எரிந்த பட்டை விளக்கைத் தானே அணைத்துவிட்டு இதன் கீழ் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் தன் சுளவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போது இரண்டு பேருக்கு ஒரு 9 வாட்.

---

தார்சாக்காரர் | ஆகஸ்ட் 5, மாலை 4.50

ரீடிங் வந்தது. 486 யூனிட், 1,641 ரூபாய். போன முறையைவிட 477 குறைவு. ஃப்ளட் லைட் போனது பாதி, ஆனி ஆடிக் காற்றில் விசிறி ஓயாமல் ஓட வேண்டியிருக்காதது மீதி. விளக்குக்கு முழுப் பெருமையும் கொடுக்க மாட்டேன், வாத்தியார் கோபிப்பார்.

மருமகன் போனில் "நான்தான் அப்போதே சொன்னேனே மாமா" என்றான். அடுத்த சித்திரையில் பி.எல்.டி.சி. விசிறி ஒன்றை அவன் செலவில் மாட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். பேட்டைத் தம்பி, மச்சில் சும்மா கிடக்கும் அந்த எல்.இ.டி. பட்டையைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுக்கலாமா? அவர் வீட்டில் இன்னும் சோக் வைத்த டியூப் லைட்தான். பழைய பட்டியில் அப்படியே மாட்டிவிடலாமா, சோக்கைக் கழற்ற வேண்டுமா?

---

மூணு கட்டை | ஆகஸ்ட் 5, இரவு 9.10

சோக், ஸ்டார்ட்டர், பட்டி எல்லாம் போகட்டும் அண்ணாச்சி. நேர் இணைப்பு. ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் ஒரு வேலை இருக்கிறது, வருகிற வழியில் நானே மாட்டிவிடுகிறேன். காப்பி போதும்.